டெக்ஸாஸ் சொத்து வரிப் பதிவு: தேடினால் கிடைக்கவில்லையா, கிடைத்தும் புரியவில்லையா?

டெக்ஸாஸில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் வருடத்துக்கு இரண்டு முறை இந்தப் பேச்சு எழும். ஏப்ரல் வாக்கில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும்போது ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் வரி பில் வரும்போது இன்னொரு முறை. பதிவுகள் எல்லாம் பொதுவில்தான் இருக்கின்றன. லாகின் வேண்டாம், காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக் கணக்கையும் பார்க்கலாம். ஆனால் எதை எங்கே தேடுவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். அதை முதலில் தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் வேகமாகப் போகும்.

டெக்ஸாஸில் மாநில அரசு சொத்து வரி வசூலிப்பதில்லை. கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், கம்யூனிட்டி காலேஜ் என்று உள்ளூர் அமைப்புகள்தான் ஆளுக்கொரு விகிதம் வைத்துப் போடுகின்றன. உங்கள் வீட்டைப் பற்றிய பதிவு மூன்று இடங்களில் இருக்கும். வீட்டுக்கு மதிப்புப் போடுவதும், ஹோம்ஸ்டெட் (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) போன்ற விலக்கு கொடுப்பதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். இதைத்தான் சிஏடி என்கிறோம். பில் அனுப்பிப் பணம் வாங்குவது டாக்ஸ் அசெஸர்-கலெக்டர் அலுவலகம். பெயரில் ‘அசெஸர்’ இருந்தாலும் மதிப்புப் போடுவது இவர்கள் வேலை இல்லை. மதிப்பு அதிகம் என்று இவர்களிடம் போய்ச் சொன்னால் சிஏடிக்குத்தான் அனுப்புவார்கள். மூன்றாவது கவுண்டி கிளார்க். கிரயப் பத்திரம் பதிவாகி இருப்பது அங்கே. உங்களுக்கு எது தவறாகத் தெரிகிறது என்று பாருங்கள். மதிப்பா, பணமா, பத்திரமா? அதற்கேற்ற அலுவலகத்தின் தளத்தைத் திறங்கள்.

முகவரி போட்டால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது

முதல் சந்தேகம் கவுண்டி மேல் விழ வேண்டும். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்துக் கவுண்டியை முடிவு செய்ய முடியாது. ஃபிரிஸ்கோவில் பாதி காலின் கவுண்டி, பாதி டென்டன் கவுண்டி. கேட்டி என்று முகவரி இருந்தால் வீடு ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூன்றில் எதிலும் இருக்கலாம். ஆஸ்டின் நகரமே டிராவிஸ், வில்லியம்சன், ஹேஸ் என்று பரவிக் கிடக்கிறது. மாநிலத்தில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றின் தளமும் தன் கவுண்டியை மட்டுமே காட்டும். வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட கிரயப் பத்திரத்தில் கவுண்டியின் பெயர் எழுதியிருக்கும். அதுதான் நம்பகமான இடம்.

கவுண்டி சரி என்றால், நீங்கள் அதிகமாகத் தட்டச்சு செய்கிறீர்கள். வீட்டு எண்ணும் தெருப் பெயரின் முதல் சொல்லும் போதும். டிரைவ், லேன், கோர்ட், நார்த், சவுத், ஊர்ப் பெயர், ஜிப் கோடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘டிரைவ்’ என்று நீங்கள் முழுதாக எழுத, பதிவில் சுருக்கமாக இருந்தால் தளம் கையை விரித்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் வீடு புத்தம் புதியதாக இருக்கலாம். தெரு எண் இன்னும் ஏறியிருக்காது. அப்போது பத்திரத்தில் உள்ள சட்ட விவரணையை எடுங்கள். சப்டிவிஷன் பெயர், ஃபேஸ், பிளாக், லாட் என்று இருக்கும். சப்டிவிஷன் பெயரைப் போட்டுத் தேடி, பிளாக்கையும் லாட்டையும் பட்டியலில் கண்டுபிடித்துவிடலாம்.

கிடைத்ததும் பிராப்பர்ட்டி ஐடியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முகவரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். டாக்ஸ் ஆபீஸ் தளத்தில் வேறொரு கணக்கு எண் இருந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டு அலுவலகங்களும் தனித்தனி எண் வைத்திருப்பது சாதாரணம்.

பெயர் போட்டால் வரவில்லை, அல்லது வேறு யாரோ உரிமையாளர் என்று இருக்கிறது

நம் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. சிஏடி தளங்களில் கடைசிப் பெயர் முதலில் வரும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் கார்த்திகேயன், ‘சுப்ரமணியன் கார்த்திகேயன்’ என்று தேட வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்து, விசாவில் எஃப்என்யு (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம்) என்று ஏறியவர்களுக்கு, வீட்டுப் பத்திரத்திலும் அந்த மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கணவன் மனைவி இருவர் பேரிலும் வாங்கியிருந்தால் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அதில்தான் சில தளங்கள் தேடும். பெயருக்குப் பின்னால் எட் அக்ஸ் என்று இருந்தால் ‘மனைவியும்’, எட் அல் என்று இருந்தால் ‘மற்றவர்களும்’. பெயர் விட்டுப்போகவில்லை, சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பில்டர் பெயரோ விற்றவர் பெயரோ இருந்தால் வாங்கிய தேதியைப் பாருங்கள். பத்திரம் கிளார்க் ஆபீஸில் பதிவாகி, அங்கிருந்து சிஏடிக்குப் போய் ஏறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதோடு, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று யார் உரிமையாளரோ அவர் பேரில்தான் கணக்கு நிற்கும். அதனால் வாங்கிய வருடத்து நோட்டீஸ் பில்டர் பேருக்கே போவது சகஜம். மாதங்கள் கடந்தும் மாறவில்லை என்றால் கிளார்க் தளத்தில் பத்திரம் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பத்திர எண்ணோடு சிஏடிக்கு எழுதுங்கள். இல்லை என்றால் உடனே, வீடு வாங்கியபோது பத்திர வேலையை முடித்துக் கொடுத்த டைட்டில் கம்பெனியைக் கூப்பிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

(நீதிபதிகள், காவல்துறையினர் போன்றவர்கள் தங்கள் விவரத்தைப் பொதுப் பதிவில் மறைத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பதிவில் உரிமையாளர் விவரம் இல்லாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.)

ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்பு காட்டுகிறது. எதற்கு வரி?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பதிவை வரி வரியாகப் படித்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

மார்க்கெட் வேல்யூ 610,000 டாலர். ஜனவரி 1 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று சிஏடி போட்ட கணக்கு. நிலம் தனி, கட்டிடம் தனியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள்.

அடுத்து ஹோம்ஸ்டெட் கேப் லாஸ் 60,000 என்று ஒரு வரி. ‘லாஸ்’ என்றிருந்தாலும் இது உங்களுக்கு லாபம். குடியிருக்கும் வீடாக ஹோம்ஸ்டெட் வாங்கியிருந்தால், வரிக்கு எடுக்கும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. போன வருடம் 500,000 என்றால் இந்த வருடம் அதிகபட்சம் 550,000. புதிதாக நீச்சல் குளமோ கூடுதல் அறையோ கட்டியிருந்தால் அதன் மதிப்பு மட்டும் தனியாகச் சேரும்.

ஆகவே அப்ரைஸ்டு வேல்யூ 550,000. இதிலிருந்து விலக்குகளைக் கழித்தால் டாக்ஸபிள் வேல்யூ. அது ஒரே எண்ணாக இருக்காது. அமைப்புக்கு அமைப்பு மாறும். பள்ளி மாவட்டத்துக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு 140,000. (2023இல் இது 40,000இலிருந்து 100,000 ஆனது, 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து 140,000 ஆக்கினார்கள், 2025 வரி ஆண்டுக்கே அது பொருந்தும்.) அதனால் பள்ளி வரி 410,000க்கு மட்டும். நகரமும் கவுண்டியும் விரும்பினால் 20 சதவீதம் வரை விலக்கு தரலாம். சில தரும், சில தராது. விகிதம் எப்போதும் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். பள்ளி விகிதம் 1.10 என்றால் 410,000க்கு 4,510 டாலர்.

இதைப் புரிந்துகொண்டால், ‘புரொட்டஸ்ட் பண்ணி 30,000 குறைச்சாங்க, ஆனா பில் ஒரு டாலர்கூடக் குறையலையே’ என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். (புரொட்டஸ்ட் என்பது மதிப்பு அதிகம் என்று சிஏடியிடம் முறையிடுவது.) மார்க்கெட் மதிப்பை 610,000இலிருந்து 580,000க்குக் கொண்டுவந்தாலும் வரி 550,000க்குத்தான். அந்த 550,000க்குக் கீழே இறக்கினால்தான் இந்த வருடம் பைசா மிச்சமாகும். பணம் கொடுத்துப் புரொட்டஸ்ட் கம்பெனியை வைப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிடுங்கள்.

அதோடு வீட்டு விவரத்தையும் சரிபாருங்கள். சதுர அடி, கட்டிய வருடம், நீச்சல் குளம். வீட்டின் பரப்பைக் கூடுதலாக எழுதியிருந்தால் மதிப்பும் கூடத்தான் வரும். பில்டர் தந்த ஃப்ளோர் பிளானோ, கடனுக்காக எடுத்த அப்ரைசல் அறிக்கையோ இருந்தால் அதை வைத்தே திருத்தக் கேட்கலாம். வாதாடுவதைவிட இது எளிது. புரொட்டஸ்ட் கடைசித் தேதி மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது.

பக்கத்து வீடு எவ்வளவுக்கு விற்றது என்று சிஏடியில் தேடினால் கிடைக்காது. டெக்ஸாஸில் விற்பனை விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பத்திரத்தில்கூட ‘பத்து டாலரும் பிற கைம்மாறும்’ என்ற ரீதியில்தான் எழுதுவார்கள். உங்களுக்குத் தெரிந்த ரியல்ட்டரிடம் கேளுங்கள். சிஏடி எந்த ஆதாரத்தை வைத்து மதிப்புப் போட்டது என்று எழுதிக் கேட்டால், விசாரணைக்கு 14 நாள் முன்னதாக அது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். கட்டாயம் கேளுங்கள்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பித்தேன், பதிவில் காணோம்

விலக்குகள் என்ற இடத்தில் எச்எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம்தான் காரணம். உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். உரிமத்தை மாற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள். படிவம் 50-114, சிஏடிக்கு நேராக, கட்டணம் இல்லை. ஏப்ரல் 30க்குள் என்பது வழக்கமான கெடு. ஆனால் அது தாண்டிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். வரி தாமதமாகும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு வரை பின்தேதியிட்டுக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் தங்களுக்குக் கிடையாது என்று நினைத்துச் சும்மா இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்த விலக்குக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. வீடு உங்களுடையதாக இருந்து, அதில் நீங்கள் குடியிருக்க வேண்டும்; அவ்வளவே.

முன்பு இருந்து இப்போது காணாமல் போயிருந்தால்? 2023 சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது சிஏடி ஒவ்வொரு ஹோம்ஸ்டெட்டையும் சரிபார்க்க வேண்டும். அதற்கு வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கியிருப்பீர்கள். சிஏடியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்; உரிமம் சரியாக இருந்தால் திரும்ப வாங்கிவிடலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனவர்கள் ஹோம்ஸ்டெட்டை நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கண்டுபிடித்தால் விட்டுப்போன வரி மொத்தமாக வந்து நிற்கும். வாடகை வீட்டுக்கும் 2024 முதல் 2026 வரை, 50 லட்சம் டாலரை ஒட்டிய ஒரு வரம்புக்கு உட்பட்டால், ஆண்டு ஏற்றம் 20 சதவீதத்துக்குள் என்ற தற்காலிக உச்சவரம்பு இருக்கிறது.

வாங்கும்போது பார்த்த வரி வேறு, எனக்கு வந்தது வேறு

வீடு விற்கும் தளங்களில் நீங்கள் பார்த்தது விற்றவரின் வரி. அவர் 15 வருடம் இருந்திருப்பார். 10 சதவீத உச்சவரம்பால் மதிப்பு தாழ்ந்தே இருந்திருக்கும். 65 வயதைத் தாண்டியவர் என்றால் பள்ளி வரியே உறைந்திருக்கும். அவை அவரோடு போய்விடும். வாங்குவதற்கு முன் சிஏடி பதிவைத் திறந்து, மார்க்கெட் மதிப்பை எடுத்து, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய விலக்கை மட்டும் கழித்து, விகிதத்தால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் வரி.

புது வீடு, இரண்டாம் வருடம் மாதத் தவணை எகிறிவிட்டது

செலினா, பிராஸ்பர் பக்கம் புது சப்டிவிஷன்களில் வாங்கிய இளம் குடும்பங்களைப் பலமாக அடிப்பது இது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 1 அன்று உங்கள் இடத்தில் வெறும் மண்தான் இருந்தது என்று வையுங்கள். நிலம் 110,000 டாலர். மொத்த விகிதம் 2.10 என்றால் அந்த வருட வரி 2,310. வங்கி அதை வைத்து எஸ்க்ரோவுக்கு (வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கு) மாதம் சுமார் 193 டாலர் எடுக்கும். அடுத்த ஜனவரி 1 அன்று வீடு முழுதாக நிற்கிறது, மதிப்பு 560,000. விலக்கில்லாமல் 11,760, பள்ளி ஹோம்ஸ்டெட்டால் 1,540 குறைந்து 10,220. வங்கி அதைக் கட்டிவிட்டு, எஸ்க்ரோவில் 7,910 துண்டு விழுகிறது என்று கடிதம் போடும். இனி மாதம் 852, அதோடு துண்டு விழுந்ததை 12 மாதமாகப் பிரித்து 659. ஆக 193 இருந்த இடத்தில் சுமார் 1,510. வட்டி ஏறவில்லை, வங்கி ஏமாற்றவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் சம்பளத்தில் தவணை கட்டும் குடும்பத்துக்கு இது பெரிய அடி.

செய்ய வேண்டியது: சிஏடியில் இந்த வருடத்து மதிப்பில் கட்டிடத்துக்கு நேரே சுழியமோ சின்னத் தொகையோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்த வருடம் இது வரும் என்று உறுதி. அதே சப்டிவிஷனில் முந்தைய ஃபேஸில், உங்கள் பிளானையே கட்டிக் குடியிருப்பவர் வீட்டுப் பதிவைத் திறந்தால் உங்கள் அடுத்த வருட மதிப்பு ஏறக்குறையத் தெரிந்துவிடும். வித்தியாசத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். எஸ்க்ரோவை முழு மதிப்பின் அடிப்படையில் போடச் சொல்லி வங்கியிடமும் கேட்டுப் பார்க்கலாம். கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டதா? துண்டு விழுந்தது ஒரு மாத எஸ்க்ரோ தொகைக்கு மேல் என்றால், ஒரே தடவையில் கட்டச் சொல்லாமல், மாதத் தவணைகளாகக் கட்ட விட வேண்டும் என்று கூட்டரசு விதி இருக்கிறது. மொத்தமாகக் கட்டச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2022இலிருந்து, அந்த ஆண்டில் முந்தைய உரிமையாளர் ஹோம்ஸ்டெட் வாங்கியிருக்கவில்லை என்றால், நீங்கள் குடிவந்த ஆண்டிலேயே மீதி மாதங்களுக்கு அது கிடைக்கும். பில்டரிடம் வாங்கிய வீட்டுக்கு இது பொருந்தும். ‘அடுத்த ஜனவரி வரை பொறு’ என்று யாராவது சொன்னால் அது பழைய விதி.

டிசம்பர் முடியப்போகிறது, தளத்தில் இன்னும் ‘கட்டவில்லை’ என்று இருக்கிறது

ஜனவரி 31 வரை பதற வேண்டாம். எஸ்க்ரோ இருந்தால் பல வங்கிகள் டிசம்பர் கடைசியில்தான் மொத்தமாக அனுப்புகின்றன. தளத்தில் ஏற இன்னும் சில நாள் ஆகும். ஜனவரி இரண்டாம் வாரத்திலும் காணவில்லை என்றால் வங்கியைக் கூப்பிட்டு, எந்தக் கணக்கு எண்ணுக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ரீஃபைனான்ஸ் செய்த வருடத்திலும், கடன் வேறு வங்கிக்குக் கைமாறிய வருடத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். தவணையை நீங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தும் வங்கி வரியைத் தாமதமாகக் கட்டினால் அபராதம் அவர்கள் பொறுப்பு.

எஸ்க்ரோ இல்லாதவர்களுக்குப் ‘பில் வரவில்லை’ என்ற காரணம் செல்லாது. சட்டமே அதை ஏற்பதில்லை. பிப்ரவரியில் கட்டினால் 7 சதவீதம் கூடுதல், மார்ச்சில் 9, இப்படியே ஏறி ஜூலையில் 18. அதோடு வசூல் கட்டணமாக 20 சதவீதம் வரை சேர்க்கலாம். பில் வராவிட்டாலும் நவம்பரில் தளத்தைத் திறந்து நீங்களே தொகையைப் பார்த்துக் கட்டிவிடுங்கள். கார்டில் கட்டினால் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். இ-செக்கில் மிகக் குறைவு.

நீங்களும் கட்டி, வங்கியும் கட்டிவிட்டால் பணம் போய்விடாது. டாக்ஸ் ஆபீஸில் ரீஃபண்ட் கேட்கலாம்; மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

வங்கி கட்டிவிட்டது, ஆனால் இன்னொரு பில் வந்திருக்கிறது

ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் இது அடிக்கடி நடக்கும். தண்ணீர், சாக்கடை வசதிக்காக அமைந்த யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், அதாவது மட், தன் வரியைக் கவுண்டி வழியாக வாங்காமல் தனி வசூலிப்பாளரை வைத்திருக்கலாம். அது உண்மையான பில்தான். சிஏடி பதிவில் வரி போடும் அமைப்புகளின் பட்டியலைத் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் உங்கள் கவுண்டி பில்லில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பில்லில் இல்லாதது எதுவோ அதற்குத் தனி பில் உண்டு. பிரதியை வங்கிக்கு அனுப்பி, எஸ்க்ரோவில் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

‘உங்கள் சொத்துப் பத்திர நகலுக்குப் பணம் அனுப்பவும்’ என்று கடிதம்

வீடு வாங்கிய சில வாரங்களில், அரசு முத்திரை போன்ற ஒன்றோடு வரும். உங்கள் பெயரையும் லாட் எண்ணையும் பார்த்ததும் உண்மை என்றே தோன்றும். அவை எல்லாம் பொதுப் பதிவிலிருந்து எடுத்தவைதான். பத்திர நகல் வேண்டுமென்றால் கவுண்டி கிளார்க்கிடம் பக்கத்துக்கு 1 டாலர்; சான்றளித்துத் தர இன்னும் 5 டாலர். ஹோம்ஸ்டெட் வாங்கித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்று வரும் கடிதங்களும் இதே ரகம். அனுப்பியவர் முகவரியைச் சிஏடி தளத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். பொருந்தினால் அன்றைக்கே பதில் எழுதுங்கள்.